மூன்றாம் மாடிச் சாட்சி

எதிர்வீட்டில் திருட்டுப் போனது ஒரு புதன்கிழமை பிற்பகல். அது ஓய்வுபெற்ற பல் டாக்டரின் வீடு. மனைவி இறந்த பிறகு தனியாக இருந்தார். கண் பரிசோதனைக்குப் போய்விட்டு ஐந்தரை மணிக்குத் திரும்பியவர், பின்கதவுத் தாழ்ப்பாள் பெயர்ந்து தொங்குவதைப் பார்த்தார். ஒரு பழைய கேமரா, கொஞ்சம் வெள்ளிச் சாமான், மனைவியின் வளையல்கள் நான்கு காணாமல் போயிருந்தன. ஆறரைக்குப் போலீஸ் வந்தது. ஏழு மணிக்குள் தெருவில் ஆளுக்கொரு அபிப்பிராயம் தயாராக இருந்தது.

எதிர்க்கட்டடத்தின் மூன்றாம் மாடியில் இருந்த எழுத்தாளரிடம் மட்டும் அபிப்பிராயத்தைவிடப் பெரிய சரக்கு இருந்தது. அவள் பார்த்திருந்தாள்.

வயது ஐம்பத்து நான்கு. முப்பது வருடமாகத் துப்பறியும் நாவல்கள் எழுதுகிறாள். கட்டடத்தில் யாரும் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. குழந்தைகளிலிருந்து காவலாளி வரை எல்லாருக்கும் ‘கொலைக்கதையம்மா’தான். இத்தனை கொலைகளை எழுதியும் ஒரு போலீஸ் ஸ்டேஷன் படியை மிதித்ததில்லை என்பது அவளுக்குச் சற்றுக் கூச்சமான விஷயம். ஸ்டேஷன் காட்சிகளையெல்லாம் குத்துமதிப்பாகத்தான் எழுதிவந்தாள்.

விசாரிக்க வந்த சப்-இன்ஸ்பெக்டருக்கு முப்பது வயது இருக்கலாம். உட்கார்ந்து நோட்டைத் திறந்தவர், எதிரே இருந்த அலமாரியைப் பார்த்ததும் நிமிர்ந்தார். ஒரே பெயர் ஐம்பது புத்தகங்களின் முதுகில் இருந்தது.

“மேடம், இது நீங்களா?”

“நான்தான்.”

“ஸ்கூல்ல கணக்குப் புத்தகத்துக்குள்ள வச்சுப் படிச்சிருக்கேன். உங்களால ரெண்டு தடவை என்னை வெளியில நிக்க வச்சாங்க.”

அவள் கணவர் மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுப்பவர். சமையலறை வாசலில் நின்றபடி, “இவளால நானும் அடிக்கடி வெளியிலதான் நிக்கறேன்,” என்றார். மூவரும் சிரித்தார்கள். சிரிப்போடுதான் அந்த விசாரணை தொடங்கியது.

நடந்ததை நடந்தபடிதான் அவள் முதலில் சொன்னாள். மூன்று மணி இருக்கும், காய்ந்த துணியை எடுக்கப் பால்கனிக்குப் போனேன். எதிர்வீட்டு கேட்டிலிருந்து ஒரு ஆள் வெளியே வந்தான். கையில் பை இருந்தது. வலது பக்கம் திரும்பிப் போனான்.

“வேற ஏதாவது மேடம்? நீங்க பாத்தா கேமரா பாத்த மாதிரி. ஞாபகப்படுத்திப் பாருங்க.”

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். “இடது காலைக் கொஞ்சம் சாய்ச்சு வச்சான்.”

சப்-இன்ஸ்பெக்டரின் முகம் மலர்ந்தது. கேட்கிறவன் முகம் மலர்ந்தால் சொல்கிறவள் வாய் நிற்காது. முப்பத்தைந்து வயது இருக்கும் என்றாள். திரும்பித் திரும்பிப் பின்னால் பார்த்தான் என்றாள். கடைசியில், “இடது காதுக்குக் கீழ ஒரு தழும்பு. புளியங்கொட்டை அளவு,” என்றாள்.

அவள் பொய் சொல்லவில்லை. சொல்லச் சொல்ல அந்த ஆள் அவளுக்குத் துல்லியமாகத் தெரிந்தான். நாவல் எழுதும்போது ஒரு பாத்திரம் கதவைத் திறந்துகொண்டு வந்து நிற்குமே, அப்படி வந்து நின்றான். சப்-இன்ஸ்பெக்டர் எழுதி முடித்துப் படித்துக் காட்டினார். அவள் இரண்டு இடத்தில் வாக்கியத்தைத் திருத்தி, கையெழுத்துப் போட்டாள். நகல் ஒன்றையும் கேட்டு வாங்கி வைத்துக்கொண்டாள், அடுத்த நாவலுக்கு உதவும் என்று.

சனிக்கிழமை காலை போன் வந்தது.

“ஆளைப் புடிச்சாச்சு மேடம். நீங்க சொன்ன அடையாளம் அச்சு அசல். கால், காது, எல்லாம். புதன்கிழமை மத்தியானம் இதே தெருவுலதான் இருந்திருக்கான். இல்லைன்னும் சொல்லலை, ஏதோ வேலையா வந்தேங்கறான். வந்து ஒரு தடவை அடையாளம் காட்டிட்டுப் போயிடுங்க.”

அவள் தேய்த்த உடுப்பைப் போட்டுக்கொண்டு கிளம்பினாள். ஸ்டேஷனுக்குள் நுழைந்ததும் கண் தானாக வேலை செய்ய ஆரம்பித்தது. சுவரில் ஈரக்கறை, மேசையில் முனை உடைந்த ஸ்டேப்ளர், மூலையில் பறிமுதல் செய்த சைக்கிள்கள். குத்துமதிப்பாக எழுதியதற்கும் நிஜத்துக்கும் பெரிய வித்தியாசமில்லை என்று திருப்திப்பட்டாள். பின்பக்க அறையில் ஆறு பேரை வரிசையாக நிறுத்தியிருந்தார்கள்.

நான்காவது ஆளைப் பார்த்த கணமே, இவன்தான் என்று மனம் சொன்னது. இம்மியளவு சந்தேகமில்லை. கை மேலே எழும்பிவிட்டது.

அந்த ஆள் அவளைப் பார்த்தான். மூன்று நாள் தாடியோடு இருந்த முகம் சட்டென்று தெளிந்தது.

“அக்கா, நீங்களா? அப்பாடா. நீங்களாவது சொல்லுங்கக்கா. திங்கக்கிழமை உங்க வீட்டுக்கு வாஷிங் மெஷின் ரிப்பேர் பண்ண வந்தேன்ல? தண்ணி கூடக் குடுத்தீங்களே.”

“பேசாதே,” என்றார் ஏட்டு.

எழும்பிய கை அந்தரத்தில் நின்றது. திங்கட்கிழமை. வாஷிங் மெஷின். பின்மூடியைக் கழற்றிவிட்டுத் தரையில் உட்கார்ந்திருந்த மெக்கானிக்கிடம் காதுக்குக் கீழே என்ன தழும்பு என்று அவள்தான் கேட்டாள். சின்ன வயதில் வெந்நீர் கொட்டிவிட்டது என்று அவன் சொன்னான். காலில் ஒரு முறை மெஷின் விழுந்ததையும் சிரித்துக்கொண்டே சொன்னான்.

“இவன்தானே மேடம்?” என்றார் சப்-இன்ஸ்பெக்டர் மெதுவாக.

“எனக்கு மயக்கமா வருது. நாளைக்கு வரேன்,” என்றாள்.

“பயப்படாதீங்க. நாங்க இருக்கோம்ல,” என்று வாசல் வரை கொண்டுவந்து விட்டார். பின்னால் மெக்கானிக், “அக்கா, சொல்லிட்டுப் போங்கக்கா,” என்றது கேட்டது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் மேசைக்குப் போனாள். வீட்டுக்கு வருகிறவர்களைப் பற்றிக் குறித்து வைப்பது அவள் வழக்கம். யாருடைய மூக்கு எந்த நாவலுக்குப் பயன்படும் என்று சொல்ல முடியாது. திங்கட்கிழமைப் பக்கத்தில் அவள் கையெழுத்திலேயே இருந்தது: மெக்கானிக், முப்பத்தைந்து, இடது காதுக்குக் கீழே புளியங்கொட்டை அளவு தழும்பு, இடது காலைச் சற்றுச் சாய்த்து வைக்கிறார், கீழே வண்டியைப் பூட்டாமல் வந்துவிட்டதால் திரும்பித் திரும்பி வாசலைப் பார்க்கிறார்.

வாக்குமூல நகலை அதன் பக்கத்தில் வைத்தாள். வார்த்தைக்கு வார்த்தை அதேதான்.

கணவர் இரண்டையும் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டு படித்தார்.

“கண்ணு காது மூக்கு வச்சுச் சொல்றது உன் தொழில். ஆனா இது நீ தெருவுல பாத்த ஆளோட காது இல்ல.”

“வேணும்னு செய்யலைங்க.”

“அது எனக்குத் தெரியும். உள்ள இருக்கறவனுக்குத் தெரியுமா?”

அவர் எதிரே உட்கார்ந்தார்.

“வேலைக்குச் சேர்ந்த புதுசுல ஒருத்தரோட நெஞ்சு எக்ஸ்ரேவுல இன்னொருத்தர் பேரை ஒட்டிட்டேன். சாயந்தரம்தான் உறைச்சது. சொன்னா வேலை போயிடும்னு கொஞ்ச நேரம் கழிவறையில போய் நின்னேன். அப்புறம் போய்ச் சொன்னேன்.”

“இதை ஏன் எங்கிட்ட சொன்னதே இல்ல?”

“நீ எழுதிடுவே.”

மற்ற நாளாக இருந்தால் சிரித்திருப்பாள்.

மாலையில் சக எழுத்தாளர் ஒருவருக்குப் போன் செய்தாள். துப்பறியும் கதை வட்டாரத்தில் அவருக்குப் ‘பாய்சன்’ என்று பெயர். ஒரு நாவலுக்காக மருந்துக்கடை மருந்துக்கடையாகப் போய், இந்த மாத்திரை எத்தனை தின்றால் ஆள் தீர்ந்துபோவான் என்று கேட்டுத் திரிந்து, அரை நாள் ஸ்டேஷனில் உட்கார்ந்து வந்தவர். அதற்குப் பிறகு சட்டம் என்றால் எட்டுக் கல் தள்ளித்தான் நடப்பார்.

“வாயைத் தெறக்காதே,” என்றார் பாய்சன். “கையெழுத்துப் போட்டுட்டு மாத்திச் சொன்னா பொய்ச் சாட்சின்னு உன் மேலயே கேஸ் போடுவாங்க. பேப்பர்காரன் சும்மா விடுவானா? ஊருக்குப் போயிடு. நீ வரலைன்னா தானா விட்டுடுவாங்க.”

“விடலைன்னா?”

“ஒரு சாட்சியை வச்சு யாரைத் தண்டிச்சிருக்காங்க?”

“என்னோட பதினேழாவது நாவல்ல தண்டிச்சிருக்காங்க.”

“அது கதை.”

“இதுவும்தான்,” என்று சொல்லிவிட்டு அவள் போனை வைத்தாள். பாவம் ஓரிடம், பழி ஓரிடம் என்று எத்தனையோ அத்தியாயத்துக்குத் தலைப்புப் போட்டிருக்கிறாள். அந்த வார்த்தைகளுக்கு இவ்வளவு எடை இருக்கும் என்று தெரியாது. அன்று அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு ஸ்டேஷனில் நின்றாள். சப்-இன்ஸ்பெக்டர் இன்னும் வரவில்லை. இன்ஸ்பெக்டர் இருந்தார். ஐம்பதை நெருங்கும் பெண்மணி, ஜலதோஷத்தில் மூக்கு சிவந்திருந்தது. எழுத்தாளர் நோட்டையும் நகலையும் மேசைமேல் வைத்து ஒன்றுவிடாமல் சொன்னாள். சொல்லி முடித்ததும் நெஞ்சு லேசாகும் என்று எதிர்பார்த்தாள். இன்ஸ்பெக்டரின் முகத்தைப் பார்த்ததும் அந்த எண்ணம் போய்விட்டது.

“அவன் வீட்டு ஆளுங்க யாராவது உங்களை வந்து பாத்தாங்களா?”

“இல்லைங்க.”

“மெரட்டினாங்களா? அழுதாங்களா?”

“யாருமே வரலை. நான் தப்பாச் சொல்லிட்டேன், அவ்வளவுதான்.”

“தப்பாச் சொல்றவங்க புளியங்கொட்டை அளவெல்லாம் சொல்ல மாட்டாங்கம்மா.”

“நான் சொல்வேன். எனக்கு அதுதான் வேலை. வேணும்னா உங்க சப்-இன்ஸ்பெக்டரைக் கேளுங்க, அவர் படிச்சிருக்காரு.”

“நான் கதை படிக்கறதில்ல.” இன்ஸ்பெக்டர் நோட்டைப் புரட்டினார். “இதை நேத்து உக்காந்து கூட எழுதியிருக்கலாமே?”

எழுத்தாளர் புரளும் பக்கங்களையே பார்த்தாள். பார்க்காத தழும்பைச் சொன்னபோது ஒரு கேள்வி இல்லாமல் நம்பினார்கள். உண்மையைச் சொன்னால் ஆயிரம் கேள்வி.

“கையெழுத்துப் போட்ட வாக்குமூலம் பொய்னு நீங்களே வந்து சொல்றீங்க,” என்றார் இன்ஸ்பெக்டர். “ஒண்ணு அது பொய், இல்ல இது பொய். எதுவா இருந்தாலும் உங்க மேல நடவடிக்கை எடுக்க எனக்கு வழி இருக்கு. போனைக் குடுத்துட்டு வெளியில பெஞ்சுல உக்காருங்க. நான் சொல்ற வரைக்கும் போகக் கூடாது.”

பெஞ்சில் ஏற்கெனவே ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். முப்பது வயதுக்குள் இருக்கும். மடியில் இரண்டடுக்கு டிபன் பாத்திரம். உள்ளே கொடுக்க விடவில்லை போலிருக்கிறது. ஒரு மணி நேரம் போனது. பிறகு அந்தப் பெண்தான் கேட்டாள்.

“நீங்க யாருக்காகம்மா வந்திருக்கீங்க?”

“எனக்காகத்தான்.”

“என்ன செஞ்சீங்க?”

“ஒருத்தரைப் பத்தி இல்லாததைச் சொல்லிட்டேன்.”

அந்தப் பெண் அவளை மேலும் கீழும் பார்த்தாள். இந்த வயதில் இப்படி ஒரு வம்பா என்று நினைத்திருப்பாள். “எங்க வீட்டுக்காரரைப் பத்தியும் யாரோ அப்படித்தான் சொல்லியிருக்காங்க,” என்றாள். “வாஷிங் மெஷின் மெக்கானிக். எறும்பைக் கூட மிதிக்க மாட்டாரு.”

எழுத்தாளரின் எண்சாண் உடம்பும் ஒரு சாணாகிப் போனது. சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தாள், சொல்ல வரவில்லை. அந்த மனிதன் வெளியே வந்தால் சொல்லலாம் என்று தனக்குத்தானே தவணை போட்டுக்கொண்டாள்.

பன்னிரண்டு மணிக்குக் கணவர் பிளாஸ்கோடு வந்தார். மூன்று கோப்பைகளில் காபி ஊற்றி, மூன்றாவதை விசாரிக்காமலேயே அந்தப் பெண்ணிடம் நீட்டினார். எழுத்தாளர் தன் கோப்பையைத் தொடவில்லை.

“நீ பால்கனியில எங்க நின்னே?” என்றார் கணவர் திடீரென்று.

“கொடி பக்கத்துல.”

“அங்கேருந்து எதிர்ல யாரு வந்தாலும் எனக்குத் தலைதான் தெரியுது. உனக்கு எப்படிக் காது தெரிஞ்சது?”

அவள் எழுந்து நேராக இன்ஸ்பெக்டரின் அறைக்குள் போனாள். ஏட்டு தடுத்ததைக் கவனிக்கவே இல்லை.

“என் வார்த்தையை நம்ப வேணாம்மா. என் பால்கனிக்கு வந்து நின்னு பாருங்க. ஒரு கால் மணி நேரம்.”

இன்ஸ்பெக்டர் மூக்கைத் துடைத்துக்கொண்டு அவளைப் பார்த்தார். அது மனிதர்களை எடைபோட்டுப் பழகிய பார்வை. பிறகு வாசலைப் பார்த்து, “வண்டியை எடுக்கச் சொல்லு,” என்றார்.

இரண்டரை மணிக்கு அவர்கள் பால்கனியில் நின்றார்கள். துணிக்கொடியைக் கணவர் ஓரமாக ஒதுக்கிவிட்டார். தகவல் கேட்டு ஓடிவந்த சப்-இன்ஸ்பெக்டர் கீழே பல் டாக்டரின் வளாகத்துக்குள் போனார். அவரோடு இரண்டு காவலர்கள். மூவரும் சாதாரணச் சட்டையில் இருந்தார்கள். ஒருவர் காதுக்குக் கீழே பிளாஸ்திரி ஒட்டிக்கொள்ள வேண்டும், ஒருவர் காலைச் சாய்த்து நடக்க வேண்டும் என்று இன்ஸ்பெக்டர் போனில் சொல்லியிருந்தார். யார் எது என்று சொல்ல வேண்டாம், அது அவர்கள் முடிவு.

மூன்று பேரும் ஒருவர் பின் ஒருவராக கேட்டைத் திறந்து, கையில் பையோடு வெளியே வந்து வலது பக்கம் திரும்பிப் போனார்கள்.

“பிளாஸ்திரி யாருக்கு?” என்றார் இன்ஸ்பெக்டர்.

“தெரியலை.”

“நொண்டினது யாரு?”

எழுத்தாளர் கம்பியைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தாள். தெருவோரம் நெடுகக் கார்கள் நின்றன. நடந்துபோன மூவருக்கும் மார்புக்கு மேல்தான் உடம்பு இருந்தது.

“தெரியலைங்க.”

“எனக்கும் தெரியலை,” என்றார் இன்ஸ்பெக்டர். போனை எடுத்து, “மறுபடியும் நடங்க,” என்றார்.

மறுபடியும் நடந்தார்கள். இன்ஸ்பெக்டர் தன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். பிறகு கழற்றிவிட்டுப் பார்த்தார். கடைசியில், “காலே தெரியலை. அப்புறம் எங்க சாய்ச்சு நடந்தது?” என்று தனக்குத்தானே சொல்வது போலச் சொன்னார். புதன்கிழமையும் கார்கள் இப்படித்தான் நின்றனவா என்று காவலாளியைக் கூப்பிட்டுக் கேட்டார். பக்கத்து அலுவலகத்துக்காரர்கள் வாரம் முழுக்க இங்கேதான் நிறுத்துகிறார்கள், ஞாயிறு என்பதால் இன்று குறைச்சல் என்றான் அவன்.

மேலே ஏறி வந்த சப்-இன்ஸ்பெக்டரின் முகம் சுருங்கியிருந்தது. “நான்தான் மேடம் வேற ஏதாவது, வேற ஏதாவதுன்னு துருவினேன்,” என்றார்.

“துருவறது உங்க வேலை. தெரியாதுன்னு சொல்ல எனக்குத் தெரிஞ்சிருக்கணும்,” என்றாள் எழுத்தாளர்.

சாப்பாட்டு மேசையிலேயே புது வாக்குமூலம் எழுதினார்கள். இந்த முறை இன்ஸ்பெக்டர் கேட்டார். ஆள்? ஒரு ஆள். வயசு? தெரியாது. உயரம்? தெரியாது. கையில? ஒரு பை. என்ன கலர்? தெரியாது. நான்கு வரியில் முடிந்துவிட்டது. முதல் வாக்குமூலம் எப்படி வந்தது என்று தனியாக ஒரு பக்கம் எழுதி வாங்கினார். கோர்ட்டில் கேட்டால் வந்து சொல்ல வேண்டியிருக்கும் என்றார்.

“என்னைக் கைது பண்ணுவீங்களா?”

“தானா வந்து சொன்னவங்களைப் புடிச்சு உள்ள போட்டா, அடுத்த தடவை எவன் வருவான்?” இன்ஸ்பெக்டர் எழுந்தார். “ஆனா ஒண்ணு. இனிமே உங்க தெருவுல கொலையே விழுந்தாலும் நீங்க பாக்கலை. சரியா?”

“சரிங்க,” என்றாள். பள்ளிக்கூடத்துப் பிள்ளை போல உடனே சொன்னாள். கணவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். சிரிப்பில் அவர் தோள் குலுங்கியது.

அன்று மாலை ஐந்து மணிக்கு மெக்கானிக்கை விட்டார்கள். எழுத்தாளர் ஸ்டேஷன் வாசலில் நின்றிருந்தாள். மனைவி அவன் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அவன் எழுத்தாளரைப் பார்த்தான். ஏட்டு உள்ளே எல்லாவற்றையும் சொல்லியிருக்க வேண்டும். ஒன்றும் பேசாமல் கடந்து போனான். தாங்கித் தாங்கி நடந்துபோன அந்த இடது காலை அவள் தெரு முனை வரை பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் திட்டியிருந்தால் தேவலை என்று தோன்றியது. ஆனாலும் அவன் வெளியே இருந்தான், தெருவில் இருந்தான். அதை நினைத்ததும் இரண்டு நாளாக நெஞ்சில் இருந்த பாறாங்கல் புரண்டு விழுந்தது. வீட்டுக்குப் போய் நின்றபடியே மூன்று தட்டுச் சோறு சாப்பிட்டாள்.

இரண்டு வாரம் கழித்து நிஜத் திருடன் அகப்பட்டான். வேறொரு வட்டாரத்தில் ஒரு வீட்டுப் பின்கதவைப் பெயர்க்கும்போது பிடிபட்டவனின் அறையில் பல் டாக்டரின் கேமராவும் இரண்டு வளையல்களும் இருந்தன. புதன்கிழமை அவன் பின்சுவர் ஏறித்தான் வந்தானாம், போனானாம். அப்படியானால் கையில் பையோடு முன்கேட்டில் அவள் பார்த்த ஆள் யார்? விளம்பரத் தாள் போட வந்தவனாக இருக்கலாம், வீடு மாறி வந்தவனாக இருக்கலாம். அது இன்று வரை தெரியாது.

இதைச் சொல்லப் போன் செய்த சப்-இன்ஸ்பெக்டர் இன்னொன்றையும் சொன்னார். மெக்கானிக்கைச் சர்வீஸ் சென்டரில் திரும்பச் சேர்க்கவில்லை. வீடு வீடாக உள்ளே போகிற வேலை, போலீஸ் பிடித்த ஆளை எப்படி அனுப்புவது என்கிறார்களாம்.

மறுநாள் காலை அவள் முகவரி வாங்கிக்கொண்டு போனாள். சைக்கிள் கடைக்கு மேலே இரண்டு அறை. கதவைத் திறந்த மனைவி அவளை உடனே அடையாளம் கண்டுகொண்டாள். உள்ளே வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை.

“அன்னிக்குப் பெஞ்சுல பக்கத்துலயே உக்காந்திருந்தீங்க. அப்பக்கூடச் சொல்லலை.”

“தைரியம் வரலைம்மா. தப்புதான்.”

“ஒரு டம்ளர் தண்ணி குடுத்தீங்களாம். வந்ததுலேருந்து அதையே சொல்லிட்டிருக்காரு. தண்ணி குடுத்தவங்க சொன்னா போலீஸ் நம்பாம என்ன செய்யும்னு உங்களுக்கே பரிஞ்சு பேசறாரு. எனக்கு அப்படியே பத்திக்கிட்டு வருது.”

“நியாயம்தாம்மா.”

உள்ளிருந்து மெக்கானிக் வந்தான். தாடி எடுத்திருந்தான். “உக்காருங்கக்கா,” என்று ஒரு நாற்காலியை நகர்த்தினான். அவன் நின்றான்.

“உள்ள உங்களை அடிச்சாங்களா?”

“அடிக்கலை. தூங்க விடலை. கேட்டதையே கேட்டாங்க. மூணாம் நாள் எனக்கே சந்தேகம் வந்துடுச்சு, ஒருவேளை நான்தான் எடுத்துட்டு மறந்துட்டேனோன்னு.” அவன் அதைச் சாதாரணமாகச் சொன்னான். “நீங்க திரும்பி வந்து சொல்லலைன்னா ஒத்துக்கிட்டிருப்பேன்.”

கீழே கடையில் யாரோ டயருக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தார்கள்.

“சர்வீஸ் சென்டர் மேனேஜருக்கு நான் ஒரு கடிதம் எழுதித் தரேன்,” என்றாள் எழுத்தாளர். “கொண்டுபோயும் நானே குடுக்கறேன்.”

அங்கேயே உட்கார்ந்து எழுதினாள். ஒரு பக்கம் நிரம்பியது. மெக்கானிக் வாங்கி மெதுவாகப் படித்தான். மனைவியும் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள்.

“அக்கா, ‘நேர்மையின் மறு உருவம்’னு எழுதியிருக்கீங்க.”

“ஆமா.”

“அது வேணாம். மேனேஜருக்கு என்னைத் தெரியும், சிரிப்பாரு. லேட்டா வந்து திட்டு வாங்கினவன் நான்.” விரலை வைத்து அடுத்த வரிக்குப் போனான். “‘இருட்டறையில் கண்ணீர் வடித்த’ன்னு இருக்கு. நான் அழலைக்கா. அங்க டியூப் லைட்டும் இருந்தது. அணைக்கவே இல்ல.”

மனைவி முதல் தடவையாகச் சிரித்துவிட்டாள், சிரித்ததற்காக உடனே முகத்தைத் திருப்பிக்கொண்டாள். எழுத்தாளரின் காது சூடேறியது. தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு, “நீங்க சொல்லுங்க, நான் எழுதறேன்,” என்றாள்.

அவன் சொன்னான். அவள் ஒரு சொல் கூட்டாமல் எழுதினாள். இவரைத் தவறாக அடையாளம் சொன்னது நான். தவறு என்று போலீஸும் எழுதிக்கொண்டது. திருடியவர் வேறு ஆள், பிடிபட்டுவிட்டார். இவரை வேலைக்கு அனுப்பலாம். ஐந்து வரிதான் வந்தது.

சர்வீஸ் சென்டர் மேனேஜர் உருண்டையான மனிதர். கடிதத்தைப் படித்துவிட்டு, இதை எழுதியவரே நேரில் வந்திருக்கிறாரா என்று நம்ப முடியாமல் இரண்டு தடவை கேட்டார். யாருக்கோ போன் செய்தார். அந்தப் பக்கம் இன்ஸ்பெக்டர்தான் என்று மேனேஜரின் குரலிலேயே தெரிந்தது, ‘சரிங்க, சரிங்க’ என்பதைத் தவிர அவர் வேறொன்றும் சொல்லவில்லை. பிறகு அவளோடு வந்து வெளியே நின்றிருந்த மெக்கானிக்கைக் கூப்பிட்டு, “நாளைக்கு எட்டு மணிக்கு வா. எட்டுன்னா எட்டு,” என்றார்.

வாசலில் மெக்கானிக் தயங்கி நின்றான். “வரேங்கக்கா,” என்றான். மன்னித்துவிட்டேன் என்று அவன் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. போகும்போது மனைவிக்குப் போன் செய்து சத்தமாகப் பேசிக்கொண்டே போனான். எட்டு மணி, எட்டு மணி என்று தெரு முழுக்கக் கேட்டது.

எழுத்தாளர் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். எதிரே இருந்தவர்களின் மூக்கையோ காதையோ அவள் கவனிக்கவில்லை. வெயில் முகத்தில் விழுந்தது. இரண்டு வாரமாக விட்டு விட்டு வந்த தூக்கம் மொத்தமாக வந்து அமுக்கியது. கண்டக்டர் தோளைத் தட்டி எழுப்பியபோது பஸ் காலியாக இருந்தது.

“அம்மா, இதான் கடைசி ஸ்டாப். நீங்க எங்க எறங்கணும்?”

அவள் சொன்னாள். “அது போய் பதினாலு ஸ்டாப் ஆச்சு,” என்றார் அவர்.

இறங்கிக் கணவருக்குப் போன் செய்தாள். எங்கே இருக்கிறாய் என்று கேட்டார். தெரியவில்லை என்றாள். சுற்றிலும் என்ன தெரிகிறது என்று கேட்டார்.

“ஒரு பஸ் தெரியுது. ஒரு பெஞ்ச் தெரியுது. அவ்வளவுதாங்க,” என்று சொல்லிவிட்டு, கண்ணில் நீர் வரும் வரை சிரித்தாள்.